மறுக்கப்பட்ட இணைப்பு

அந்தச் சத்தம் முதலில் அவளுக்கு எரிச்சலைத்தான் தந்தது.

டொக்.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவை அறைக்கும் ஆக்சிஜன் சிலிண்டர் அறைக்கும் நடுவில் ஜன்னலே இல்லாமல் ஒடுங்கிக் கிடந்த அந்த அலுவலகத்தில், ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சர்வர்கள் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தன. தலைக்கு மேலே குழாய்களில் தண்ணீர் ஓடும் சத்தம் வந்து வந்து போனது. சலவை அறையிலிருந்து, வெந்நீரில் வெந்த துணியின் வாசனை பினாயிலோடு கலந்து கதவிடுக்கு வழியாக ஊர்ந்து வந்து நாக்கில் உட்கார்ந்தது.

டொக்.

சத்தத்தை ஏற்பாடு செய்தவளே அவள்தான். ஆஸ்பத்திரியில் மாடிக்கு மாடி விசாரணை மேசைகள் உண்டு. சொந்தக்காரர்கள் வந்து பெயரைச் சொன்னால், மேசையில் இருப்பவர் அதைத் தட்டச்சு செய்வார். அது கீழே இருக்கும் தேடல் சர்வருக்கு வரும். எந்த மாடி, எந்தக் கட்டில் என்று சர்வர் பதில் அனுப்பும். ஏதாவது ஒரு மேசை சர்வரைத் தொடர்புகொள்ள முயன்று தோற்றுப்போனால், அவளுடைய கணினியின் ஸ்பீக்கர் மரக்கதவில் விரல் முட்டி படுவது போல ஒரு தரம் ஒலிக்கும். எந்த நேரமும் திரையை முறைத்துக்கொண்டிருக்க முடியாது என்பதால் செய்த ஏற்பாடு.

தோற்றுப்போன மேசை என்ன செய்ய வேண்டும் என்பதையும் அவள்தான் எழுதியிருந்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி முயல வேண்டும். அதுவும் தோற்றால் இன்னும் கூடுதலாகப் பொறுக்க வேண்டும். அப்புறம் அதைவிடக் கூடுதலாக. கடைசியில் ஓய்ந்துவிட வேண்டும். எல்லா மேசைகளும் அடக்கமான பிள்ளைகளாக அப்படித்தான் நடந்துகொண்டன.

இது அப்படித் தட்டவில்லை. இரண்டு தரம் அடுத்தடுத்துத் தட்டியது. அப்புறம் நெடுநேரம் ஒன்றும் இல்லை. போய்விட்டது என்று நினைத்த நேரத்தில் மெதுவாக ஒன்று. பிறகு அவசரமாக மூன்று. யாரோ வந்து கேட்டுவிட்டு, கொஞ்ச தூரம் நடந்துபோய், மனசு கேட்காமல் திரும்பி வந்து கேட்பது போல இருந்தது.

"சனியனே, சும்மா இரு" என்று அவள் ஸ்பீக்கரைப் பார்த்துச் சொன்னாள். அன்றைக்கு அவளுக்கு இருந்த கோபத்தில் இதற்குப் பங்கு கொடுக்க இடமில்லை.

கோபம் ஒரு வாரமாக இருந்தது. போன வாரம் பெயின்ட் தொழிற்சாலை ஒன்று பற்றி எரிந்தது. கருகியவர்களை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஊர் முழுக்க விசாரணை மேசைகளில் வந்து மொய்த்தது. எல்லா மேசைகளும் ஒரே நேரத்தில் கேட்க, தேடல் சர்வர் திணறிப்போய்ப் பாதிப் பேருக்குக் கதவைத் திறக்கவே இல்லை. அதுகூடப் பரவாயில்லை. திறக்கவில்லை என்று சொல்லியிருந்தால் பரவாயில்லை. 'இணைப்பு கிடைக்கவில்லை, மீண்டும் முயலவும்' என்று சிவப்பு எழுத்தில் வரும்படிதான் அவள் செய்து வைத்திருந்தாள். ஆனால் அன்றைக்குத் திரைகளில் வந்தது அது இல்லை. 'இந்தப் பெயரில் யாரும் இல்லை' என்று வந்தது.

அதை நம்பி ஒரு அம்மா திரும்பிப் போய்விட்டாள். அவளுடைய மகள் அப்போது மூன்றாம் மாடியில் தீக்காயப் பிரிவில் உயிரோடுதான் இருந்தாள்.

இது அவளுக்குத் தெரிந்தது தன் அக்கா சொல்லித்தான். அக்கா அந்தப் பிரிவில் நர்ஸ்.

"தண்ணி கூடக் கேக்கலைடி அந்தப் பொண்ணு" என்று அன்றிரவு வீட்டுக் கூடத்தில் காலணியைக்கூடக் கழற்றாமல் நின்றபடி அக்கா சொன்னாள். "அம்மா வந்தாங்களா, அம்மா வந்தாங்களான்னுதான் கேட்டுச்சு. வந்துட்டே இருக்காங்கன்னு நான் சொல்லிட்டே இருந்தேன். கீழ வந்து கேட்டுட்டுப் போயிருக்காங்கடி. கீழ. நம்ம ஆஸ்பத்திரியிலயே. உன் மெஷின்தான் ஆள் இல்லைன்னு சொல்லி அனுப்பிச்சிருக்கு."

"அக்கா, நான் அப்படி எழுதலைக்கா."

"பேசாத. என் முகத்துலயே முழிக்காத."

அதற்குப்பின் ஒரே வீட்டில் இருந்துகொண்டு அக்கா அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா அம்மா போனபிறகு அவளைத் தூக்கி வளர்த்தவள், 'பாப்பா' என்று தவிர வேறு பெயரால் கூப்பிட்டறியாதவள், சாப்பாட்டுத் தட்டைச் சத்தமாக வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விடுமுறை நாளில் அவள் இங்கே வந்து உட்கார்ந்திருந்தது அதனால்தான். தான் எழுதியதை மாற்றிய கை எது என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மேலாளருக்குப் போன் போட்டாள். அலுவலகத்தில் அவருக்குச் 'சமாளிப்பு' என்று பெயர். கூரை இடிந்து தலையில் விழுந்தாலும் சமாளித்துக்கொள்ளலாம் என்பவர்.

"சார், இணைப்பு கிடைக்கலைன்னா யாரும் இல்லைன்னு காட்டச் சொன்னது யாரு?"

"நான்தான்." அவர் எதையோ மென்றுகொண்டிருந்தார். "ஏன், நிர்வாகத்துல கேட்டாங்க. சிவப்பு எழுத்துல வந்தா ஜனங்க கத்துறாங்க, மேசையைத் தட்டுறாங்க. யாரும் இல்லைன்னு வந்தா அமைதியாப் போயிடுறாங்க."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அமைதியாப் போயிடுறாங்களா?"

"மேடம், கொஞ்சம் பொறுமையா..."

"ஒரு பொண்ணு பெத்தவளைப் பாக்காம செத்துப் போயிருக்கா சார். நீங்க வாயில என்ன வச்சிருக்கீங்க? அதை முதல்ல முழுங்கிட்டுப் பேசுங்க."

அந்தப் பக்கம் மெல்லும் சத்தம் நின்றது. "வார்த்தையை அளந்து பேசுங்க. நான் எல்லாத்தையும் சமாளிச்சு வச்சிருக்கேன். அந்த அம்மா கேட்டது பழைய கட்டடத்து மேசையில. அந்த மேசையையே மூடியாச்சு. மெஷினை எடுத்தாச்சு. அங்கேருந்து எது வந்தாலும் உள்ள விடாதேன்னு சர்வர்லயும் தடுத்து வச்சாச்சு. அப்படி ஒரு மேசை இருந்ததுக்கு அடையாளமே கிடையாது. நீங்க வீட்டுக்குப் போங்க."

டொக்.

அப்போதுதான் அவள் திரையைச் சரியாகப் பார்த்தாள். மறுக்கப்படும் இணைப்பு எந்த மேசையிலிருந்து வருகிறது என்று அதில் காட்டியது.

பழைய கட்டடம். விசாரணை மேசை.

"சார், அந்த மெஷினை எடுத்து எங்க வச்சிருக்கீங்க?"

"என் கார் டிக்கியில கிடக்கு. எதுக்கு?"

டொக். டொக்.

"ஒண்ணுமில்லை" என்று சொல்லிப் போனை வைத்தாள். ஆனால் ஒன்றுமில்லாமல் இல்லை. முதுகுத்தண்டில் ஏசிக் காற்று நேராக வந்து பட்டது போல இருந்தது. இந்த ஆள் பொய் சொல்கிறான் என்று உடனே முடிவுகட்டினாள். மெஷினை எங்கேயோ மூலையில் ஓடவிட்டுவிட்டு, எடுத்துவிட்டேன் என்று கதை விடுகிறான். போய்ப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு வந்து நிர்வாகத்தின் முகத்தில் எறியவேண்டும். அந்த எண்ணம் வந்ததும் கோபம் மறுபடி சூடாக ஏறி, குளிர்ந்த இடத்தை மூடிக்கொண்டது. அந்த 'டொக்'கைத் தன் கைப்பேசியிலும் கேட்கும்படி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

பழைய கட்டடத்துக்குப் போகும் பாதை தகரக்கூரை போட்ட நீண்ட நடைவழி. வெளியே மழை வரப்போகிற மாதிரி வெளிச்சம் மங்கிக் கிடந்தது. செப்பனிடுவதற்காக உடைத்த காரை, ஓரமாகச் சாய்த்து வைத்த கதவுகள், ஒரு சக்கரம் இல்லாத தள்ளுவண்டி. அவளுடைய செருப்புச் சத்தம் தகரத்தில் பட்டு, அவளுக்குச் சற்றுப் பின்னால் இன்னொருத்தர் நடப்பது போலத் திரும்பி வந்தது. இரண்டு தரம் நின்று பார்த்தாள். நின்றதும் சத்தமும் நின்றது.

வாசலில் காவலாளி நாற்காலியை வெளியே இழுத்துப்போட்டு, கட்டடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"உள்ள மெஷின் ஏதாவது ஓடுதா அண்ணே?"

"உள்ள கரண்டே கிடையாது மேடம். மூடி ஒரு வாரமாச்சு."

"ஏன் வெளிய உக்காந்திருக்கீங்க? மழை வருது பாருங்க."

அவர் சாவியை நீட்டினார். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார்: "அந்தம்மா வந்தப்ப நான்தான் இங்க இருந்தேன். குட்டையா, மஞ்சப் புடவை கட்டியிருந்தாங்க. நாலஞ்சு வாட்டி திரும்பித் திரும்பி வந்து கேட்டாங்க மேடம். மேசையில இருந்த பொண்ணும் பொறுமையாத்தான் போட்டுப் போட்டுப் பாத்துச்சு. ஆள் இல்லைன்னே வந்துச்சு. வேற ஆஸ்பத்திரியில பாருங்கம்மான்னு நான்தான் வழி சொன்னேன். ஓடுனாங்க. கேட்டைத் தாண்டுனதும் தண்ணி லாரி."

"என்ன?"

"அந்த இடத்துலயே போயிட்டாங்க. உங்க சாருக்குத் தெரியுமே? அவர்தான் யாருகிட்டயும் சொல்ல வேணாம்னாரு."

அவள் கையில் சாவி கனத்தது. மகள் மேலே, அம்மா வாசலில். ஒரே சாயங்காலம். அது அந்த ஆளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மென்றுகொண்டிருந்திருக்கிறான். அவளுக்குக் கண்கள் எரிந்தன. யாரையாவது அறைய வேண்டும் போல இருந்தது. காவலாளியை அறைய முடியாது. பூட்டைத் திறந்து கதவைத் தோளால் மோதித் தள்ளினாள்.

உள்ளே நீளமான கூடம். உயரமான ஜன்னல்களின் அழுக்குக் கண்ணாடி வழியாகச் சாம்பல் நிற வெளிச்சம் விழுந்து, தரையைத் தொடுமுன்பே தீர்ந்துபோயிருந்தது. காரைத் தூசியின் வாசனை. அதற்கு அடியில், லேசாக, பெயின்ட். பெயின்ட்டுக்கும் அடியில் அடுப்பில் முடி விழுந்தால் வருமே, அந்த நாற்றம். கூடத்தின் கோடியில் கண்ணாடி தடுத்த விசாரணை மேசை. கண்ணாடியில் பேசுவதற்கான வட்டத் துளை.

மேசை மேல் எதுவும் இல்லை. மானிட்டர் இருந்த இடத்தில் தூசியில்லாத ஒரு சதுரம் மட்டும். கணினியில் செருகியிருந்த கேபிள் நாற்காலிக்கடியில் சுருண்டு, முனை வெறுமையாகத் தரையில் கிடந்தது. எந்தக் காலத்திலோ செத்த பாம்பு மாதிரி. சமாளிப்பு பொய் சொல்லவில்லை.

அவள் கையிலிருந்த கைப்பேசி ஒலித்தது.

டொக்.

அவள் கேபிளையே பார்த்தாள். அது எதிலும் மாட்டியிருக்கவில்லை. குனிந்து அதன் முனையை எடுத்தாள். சூடாக இருந்தது. வெயிலில் கிடந்த பொருளின் சூடு அல்ல. காய்ச்சல்காரர் கையைப் பிடித்தால் தெரியும் சூடு. விட்டுவிட்டாள்.

நிமிர்ந்தபோது தரை கண்ணில் பட்டது. கூடம் முழுக்கக் காரைத் தூசி வெள்ளையாகப் படிந்திருந்தது. அவள் நடந்து வந்த தடம் அதில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் கண்ணாடிக்கு முன்னால், ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு, தூசியே இல்லை. வாசலுக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் ஒரு கோடு மாதிரி தரை துடைத்துக் கிடந்தது. போய்ப் போய், வந்து வந்து, தேய்ந்த தடம்.

கண்ணாடியில் ஏதோ மாறியது.

வட்டத் துளைக்குப் பக்கத்தில், அவளுடைய தோளுக்கும் கீழான உயரத்தில், கண்ணாடி மெதுவாகப் பனித்தது. மறைந்தது. மறுபடி பனித்தது. யாரோ மூச்சு வாங்குகிறார்கள். குட்டையான யாரோ.

டொக்.

அவள் ஓடினாள். காவலாளி என்னவென்று கேட்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாவி எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடித்தளத்துக்கு வந்து கதவைச் சாத்தி அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். சர்வர்கள் அதே சுருதியில் முனகின. ஸ்பீக்கர் தட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு. நெடுநேரம். ஒன்று. இப்போது அவளுக்கு அந்த இடைவெளிகள் புரிந்தன. கேட்டுக்கும் மேசைக்கும் உள்ள தூரம் அது. போய், போக முடியாமல், திரும்பி வரும் நேரம்.

வீட்டுக்குப் போய்விடலாம். ஸ்பீக்கரைப் பிடுங்கிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடலாம். பையைக்கூட எடுத்துத் தோளில் மாட்டினாள். அப்போது போன் வந்தது. மேலாளர்.

"பழைய கட்டடத்துக்கு எதுக்குப் போனீங்க? வாட்ச்மேன் போன் பண்றான். உங்களுக்கு என்ன அவ்வளவு துடிப்பு? செத்தவங்க திரும்பியா வரப்போறாங்க?"

பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. வயிற்றிலிருந்து ஏறிய சூடு அதைத் துடைத்து எடுத்துவிட்டது.

"அந்தம்மா லாரியில அடிபட்டது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் அந்தத் தடுப்பைப் போட்டிருக்கீங்க."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? தோத்துப்போன ஒரு இணைப்பு மேடம். அவ்வளவுதான். எதுக்கு இப்படிக் குதிக்கிறீங்க?"

"நீ ஒரு மனுஷனா?" என்று கத்தினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக மேலதிகாரியை ஒருமையில் பேசினாள். அது நன்றாக இருந்தது. "ஒரு பொம்பளை வாசல்ல நின்னு எம் பொண்ணு எங்கேன்னு கேக்குறா. பதில் சொல்ல வக்கில்லை, கதவைச் சாத்திட்டுக் கார்ல போற. வை போனை!"

பையைக் கழற்றி எறிந்துவிட்டு உட்கார்ந்தாள். பழைய கட்டடத்து மேசைக்குப் போட்டிருந்த தடுப்பைத் தேடிப் பிடித்து நீக்கினாள்.

டொக் நின்றது.

இணைப்பு ஏற்கப்பட்டது என்று திரை காட்டியது. அதைத் தொடர்ந்து தேடல் வந்தது. ஒரு பெண்ணின் பெயர். அன்றிரவு அக்கா சொல்லியிருந்த அதே பெயர். கடைசி எழுத்து தவறி, அழித்து, மறுபடி சரியாக விழுந்தது.

சர்வர் தேடியது. இறந்தவர்களை அது தன் தேடலிலிருந்து எடுத்துவிடும், வழக்கம் அது. அதனால் இப்போதும் உண்மையாகவே பதில் சொன்னது. யாரும் இல்லை.

அதே பெயர் மறுபடி வந்தது. யாரும் இல்லை. மறுபடி. யாரும் இல்லை. வேகம் கூடிக்கொண்டே போனது. பெயர், பெயர், பெயர். திரை முழுக்க அந்த ஒரே பெயர் மேலேறி ஓடியது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சர்வரின் விசிறிகள் ஊளையிட ஆரம்பித்தன.

"இருக்காம்மா" என்றாள் அவள். "இருந்தாம்மா. அந்தப் பாவிங்க பொய் சொன்னாங்க."

தேடலிலிருந்து எடுத்துவைத்த பதிவுகளுக்குள் போனாள். அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்துத் திரும்பத் தேடலில் சேர்த்தாள். ஒரே ஒரு தடவையாவது இந்தப் பாழாய்ப்போன இயந்திரம் அந்தத் தாய்க்கு ஒழுங்கான பதிலைச் சொல்லட்டும். அவ்வளவுதான் அவள் நினைத்தது. அதற்குமேல் அவள் எதையும் நினைக்கவில்லை.

பெயர் இன்னொரு முறை வந்தது. சர்வர் பதில் அனுப்பியது.

மூன்றாம் மாடி. தீக்காயப் பிரிவு. ஜன்னலோரக் கட்டில்.

இணைப்பு தானாக முடிந்தது. விசிறிகள் அடங்கின. ஸ்பீக்கர் ஒலிக்கவில்லை. அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். ஒரு வாரத்துக்குப் பிறகு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. அக்காவிடம் சொல்ல வேண்டும். நம்பினாலும் நம்பாவிட்டாலும் சொல்ல வேண்டும்.

தலைக்கு மேலே, எங்கேயோ தூரத்தில், லிஃப்ட் கிளம்பும் சத்தம் கேட்டது. கம்பி இழுபடும் முனகல். அது நிற்காமல் மேலே போனது.

அவள் கண்ணைத் திறந்தாள்.

கட்டில்.

அந்தக் கட்டில் காலியாக இருக்காது. தீக்காயப் பிரிவில் எந்தக் கட்டிலும் ஒரு நாள் காலியாக இருந்ததில்லை.

அக்காவுக்குப் போன் போட்டாள். எடுக்க மாட்டாள் என்றுதான் நினைத்தாள். எடுத்தாள்.

"டியூட்டியில இருக்கேன். என்ன?"

"அக்கா, ஜன்னலோரக் கட்டில்ல இப்ப யாருக்கா இருக்காங்க?"

"நேத்து வந்த பொண்ணு ஒண்ணு. ஏன்?"

"முகம்? முகம் தெரியுதா?"

"முகம் முழுக்கக் கட்டுதான் போட்டிருக்கோம். தூங்குது. என்னடி கேள்வி இதெல்லாம்?"

"அவகூட யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லை, பார்வையாளர் நேரம் இன்னும்..." அக்கா நிறுத்தினாள். தூரத்தில் ஒரு கதவு ஆடி அடங்கும் சத்தம் கேட்டது. "இரு. யாரோ வந்து நிக்கிறாங்க. கதவைப் பூட்டிட்டுத்தானே வந்தேன்? ஏம்மா... ஏம்மா, நீங்க யாரு? செருப்போட உள்ள வரக்கூடாது..."

"அக்கா, வெளிய வா. அக்கா!"

"மஞ்சப் புடவை" என்றாள் அக்கா. அவளுக்குச் சொன்னது போல இல்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டது போல. "பாப்பா, இவங்களுக்குப் பாதி..."

போன் எங்கேயோ விழுந்தது. துண்டிக்கப்படவில்லை. கரகரவென்ற அமைதி மட்டும்.

லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. படி. படி. படி. முதல் மாடியில் யாரோ திட்டினார்கள். இரண்டாம் மாடியில் பெயின்ட் வாசனை. மூன்றாம் மாடியில் முடி பொசுங்கும் நாற்றம், கண்ணில் நீர் வரும் அளவுக்கு. நடைவழியின் பளபளத்த தரையில் காரைத் தூசி. வெள்ளைத் தூசியில் காலடிகள். வலது கால் பதிந்திருந்தது. இடது கால் இழுபட்டிருந்தது. லிஃப்டிலிருந்து பிரிவுக் கதவு வரை.

கதவு பூட்டியிருந்தது. கண்ணாடிச் சதுரம் வழியாகப் பார்த்தாள்.

மருந்துத் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அக்கா சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. அவள் பார்வை ஜன்னலோரக் கட்டிலில் இருந்தது.

கட்டிலருகே யாரும் இல்லை.

ஆனால் அதில் படுத்திருந்த பெண்ணின் முகத்துக் கட்டு அவிழ்ந்துகொண்டிருந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. தூங்குகிற குழந்தையின் சடையைப் பிரிப்பது போல அவசரமில்லாமல், வலிக்காமல், துணி தானாகத் தூக்கித் தூக்கி விலகியது. விலகிய துணி கட்டிலோரம் வழிந்து தரையில் சுருண்டது. அந்தப் பெண் விழித்துவிட்டிருந்தாள். கட்டுக்கு நடுவே இரண்டு கண்கள் அகலத் திறந்து, தனக்கு மிக அருகில் இருந்த எதையோ பார்த்துக்கொண்டிருந்தன.

"இல்லம்மா!" அவள் இரண்டு கைகளாலும் கதவை அடித்தாள். "அது உங்க பொண்ணு இல்லை! உங்க பொண்ணு இங்க இல்லம்மா!"

துணி நின்றது.

அந்தரத்தில், பிடித்த பிடியில், அப்படியே நின்றது. கட்டிலுக்கு மேலே இருந்த ஏதோ ஒன்று அவள் பக்கம் திரும்பியது. அவளால் அதைப் பார்க்க முடியவில்லை. அது தன்னைப் பார்ப்பது மட்டும் தெரிந்தது. முகத்தில் அடுப்பு திறந்தது போலச் சூடு. கண்ணாடிச் சதுரம் அந்தப் பக்கத்திலிருந்து பனித்தது.

பிறகு துணி மறுபடி அசைந்தது. இப்போது வேகமாக.

கடைசிச் சுற்று புண்ணோடு ஒட்டியிருந்தது. ஒரு கணம் தயங்கியது. இழுத்தது. அந்தப் பெண் அலறவில்லை. அலற வாயைத் திறந்தாள், யாரோ அன்போடு கன்னத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பியது போல அவள் முகம் இப்படியும் அப்படியும் திரும்பியது. சிவந்த, தோலில்லாத முகம். நெடுநேரம் பார்த்தது.

தலை தலையணையில் மெதுவாக வைக்கப்பட்டது.

தரையில் காரைத் தூசியில் ஒரு காலடி விழுந்தது. ஒரு கோடு இழுபட்டது. இன்னொரு காலடி.

அடுத்த கட்டிலில் முகம் மூடிப் படுத்திருந்தவளின் காதோர முடிச்சு மெல்ல அவிழத் தொடங்கியது.